எம்.எஸ். காசும் சமையலறைத் தராசும்

பணம் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. ஆத்திரம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தைக்கு எண்பது வயது. மதுரைக்காரர். எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தது மதுரையில்தான் என்பதை யாராவது மறந்துவிட்டால் அவரால் பொறுக்க முடியாது. அத்தையின் பிறந்தநாளுக்கு, எம்.எஸ். நூற்றாண்டு நினைவாக மத்திய அரசு கொண்டுவந்த 100 ரூபாய்க் காசைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. 2017 செப்டம்பரில் அறிவிப்பு வந்த காசு. நாணயச்சாலை முன்பதிவு எடுத்த காலத்தில் கோட்டைவிட்டாயிற்று, இனி வெளியில்தான் வாங்க வேண்டும். இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட விற்பனையாளருக்கு 3,800 ரூபாய் கட்டினேன். நான்கு நாளில் வெல்வெட் பெட்டியில் வந்து சேர்ந்தது.

விளம்பரத்தில் ‘சுத்த வெள்ளி 999’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காசு சுத்த வெள்ளியே கிடையாது. வெள்ளி 50 சதவீதம், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் வெள்ளி பதினேழரை கிராம்தான். அரசிதழ் அறிவிப்பில் எல்லாம் இருக்கிறது. நான் அதைத் தேடிப் படித்தது காசு கைக்கு வந்த பிறகு.

கையில் வைத்தபோதே எடை ஏதோ லேசாகத் தெரிந்தது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. சரி, எதற்கும் ஒரு முறை சோதித்துவிடலாம் என்று தங்கத்துக்கு முத்திரை போடும் இடத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நகைன்னா கொண்டு வாங்க சார், காசெல்லாம் பாக்கறதில்ல.” அரை நாள் விடுப்பு வீண். வரும் வழியில் ஒரு அடகுக்கடையில் கேட்டேன். அவர் பாவம் உதவத்தான் நினைத்தார், ஆனால் உரைகல்லை எடுத்துக் காசின் விளிம்பை அதில் வைக்கப் போய்விட்டார். கையைப் பிடித்துத் தடுத்தேன். உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் சேகரிப்பவர்கள் மத்தியில் அந்தக் காசுக்கு மதிப்பே போய்விடும். அசலோ போலியோ, யாரையும் உரைக்க விடாதீர்கள்.

மூன்றாவதாகப் போன நகைக்கடையில் உலோகச் சுத்தம் பார்க்கும் கேரட்மீட்டர் மெஷின் இருந்தது. வைத்து இரண்டு நிமிடத்தில் சீட்டு வந்தது: வெள்ளி 92 சதவீதம். எனக்கு ஒரே சந்தோஷம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள்தான் மண்டையில் தட்டியது. பாதி வெள்ளி இருக்க வேண்டிய காசில் 92 எப்படி வரும்? அந்த மெஷின் எக்ஸ்-ரே அடித்து மேல்தோலை மட்டும்தான் படிக்கிறது. முலாம் பூசியிருந்தால் முலாத்தைத்தான் சொல்லும். சமையலறையில் இருந்த சின்ன டிஜிட்டல் தராசில் காசை வைத்தேன். 27 கிராம். எட்டு கிராமைக் காணோம்!

அப்புறம் இன்னொன்றும் செய்து பார்த்தேன். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, காசைப் பொட்டலம் மாதிரி மெல்லிய நூலால் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை மில்லிலிட்டர்தான் காசின் கன அளவு. 3.8 காட்டியது. 27ஐ 3.8ஆல் வகுத்தால் 7.1. கிட்டத்தட்ட அப்படியே துத்தநாகத்தின் அடர்த்தி! அசல் காசுக்கு அந்தக் கலவைப்படி ஒன்பதரை வர வேண்டும். பள்ளியில் ஆர்க்கிமிடீஸ் பாடம் நடத்திய வாத்தியாரை அன்றைக்குத்தான் நன்றியோடு நினைத்தேன். ஒரு எச்சரிக்கை: கண்ணாடி மாதிரி பளபளக்கும் ப்ரூஃப் காசைத் தண்ணீரில் விடாதீர்கள், கறை விழும். அதற்கு எடையும் விட்டமும் பார்த்தால் போதும்.

பணத்தைக் கேட்டதும் விற்றவர் சொன்ன முதல் பதில், “பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?” எடுக்கவில்லை. இரண்டாவது பதில் இன்னும் அழகு: “மெஷினிலேயே வெள்ளின்னு வந்திருக்கே சார்.” அந்தச் சீட்டை நானே ஆர்வக்கோளாறில் அவருக்கு அனுப்பி வைத்திருந்தேன். அதன்பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அரசிதழ் பக்கம், தராசில் காசு 27 காட்டும் படம், மூன்றையும் இணைத்தேன். பதினோராவது நாள் முழுப் பணமும் வந்தது. விளம்பரத்தை அவர்கள் உடனே தூக்கிவிட்டார்கள், ஸ்கிரீன்ஷாட் இல்லாவிட்டால் என் கதை கந்தல்தான்.

இரண்டாவது காசை ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கினேன். ப்ரூஃப் இல்லை, சாதாரண யூ.என்.சி. ரகம், அதாவது புழக்கத்தில் கைபடாத காசு. சட்டைப்பையில் தராசோடு போனேன். எடை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் ஒரு கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், அடுத்த கடைக்குப் போய்விட்டேன். அங்கே இருந்த பெரியவர் தானே எடுத்துத் தராசில் வைத்தார். 35.0. வீட்டில் தண்ணீரில் விட்டபோது 3.7. 35ஐ 3.7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அதே ஒன்பதரை. அந்த எண்ணைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அத்தை காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தமிழ்ல ஒரு எழுத்துகூட இல்லையேடா” என்று குறைப்பட்டுக்கொண்டார். “நூறு ரூபான்னு போட்டிருக்கு, நீ எவ்வளவு குடுத்தே?” என்றார். நூறுதான் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. பூஜை அறைக்குப் போனவர் கையில் விபூதியோடு திரும்பி வந்தார், வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்து வைக்கலாம் என்று. பாய்ந்து போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.