சாத்தனூர்க் கல்மரமும் பக்கத்தில் நிற்க வேண்டிய பலகையும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும், கல்லாக மாறிய பழங்கால மரமான கல்மரத்தின் நீளம் 18 மீட்டருக்கு மேல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இயல்பாக நடந்தால் இருபத்தைந்து எட்டு வரும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை உலகுக்குச் சொன்னார். நீளம், வயது, கண்டவர் பெயர் மூன்றையும் படித்துவிட்டுப் படமெடுத்துக் கிளம்புகிறவர்களே அதிகம். தகவல் பலகை இந்த விவரங்களைச் சொன்னால் மட்டும் போதாது, எங்கே பார்ப்பது என்றும் சொல்ல வேண்டும்.

முதலில் வயது. 12 கோடி ஆண்டுகள் என்ற எண்தான் எங்கும் புழங்குகிறது. ஆனால் மரம் கிடக்கும் படிவுகள், நிலவியலாளர்கள் திருச்சிராப்பள்ளித் தொகுதி என்று அழைக்கும் அடுக்கைச் சேர்ந்தவை. அதிலுள்ள அம்மோனைட்டுகளை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகளின் புதைபடிவங்கள்) வைத்துக் கணித்தால் சுமார் 9 கோடி ஆண்டுகள்தான் வருகிறது. இரண்டு எண்ணையும் போட்டு, எதனால் வேறுபடுகிறது என்று ஒரு வரி எழுதிவிடலாம். இன்னொரு தவறு மொழிபெயர்ப்பில் நேர்கிறது. ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். 120 மில்லியன் என்றால் 12 கோடி. அவசரத்தில் அதை 120 கோடி என்று எழுதிவிட்டால் மரமே தோன்றாத காலத்துக்குப் போய்விடுவோம்.

அடுத்தது, மரம் கல்லான விதம். அன்று இங்கே கடல் இருந்தது, அதன் கரை சாத்தனூருக்கு மேற்கே. கரையோரம் வளர்ந்த, பூக்காத ஊசியிலை வகை மரத்தை ஆறு அடித்து வந்து கடலடி மணலில் புதைத்தது. காற்றுப் புகாததால் மரம் மட்கவில்லை. மணலுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, செல் செல்லாக நிரம்பி இறுகியது. அதனால்தான் வடிவம் மரம், பொருள் கல். உடைந்த முகம் ஏதாவது தெரிந்தால் அங்கே குனிந்து பாருங்கள். வெளிப்புறத்தைவிட அங்கேதான் மரத்தின் உள்ளமைப்பு நன்றாகத் தெரியும். குறுக்கு விரிசல்களை வெட்டிய தடம் என்று நினைக்க வேண்டாம். கல் வளையாது, கீழே நிலம் அசைந்தால் துண்டாகத்தான் உடையும்.

இந்தக் கடலின் கதை ஒரு ஊரோடு முடியவில்லை. காரை என்ற ஊரில் களிமண் வெளி மழைநீரால் அரிக்கப்பட்டு வரிவரியாகக் கிடக்கிறது. அதில் ஜிப்சம் நரம்புகளும், தோட்டா போன்ற பெலம்னைட்டுகளும் (கணவாய் போன்ற பழங்கால உயிரியின் புதைபடிவங்கள்) கிடைக்கும். கருடமங்கலத்தில் சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல். மெருகேற்றினால் சிப்பிகளே பூவேலைப்பாடு போலத் தெரிவதால், அது திருச்சிராப்பள்ளிப் பளிங்கு என்று பெயர் வாங்கியது. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லோ பழைய பவளப்பாறை. அந்தக் கல்லை நம்பி சிமென்ட் ஆலை வந்தது, ஆலையோடு ஊருக்கு டால்மியாபுரம் என்ற பெயர் வந்தது, அந்தப் பெயரை எதிர்த்து 1953-இல் போராட்டம் வந்தது. பவளப்பாறைக்கு ஒரு பலகை, போராட்டத்துக்கு ஒரு பலகை என்று பிரித்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே பலகையில் இருந்தால்தான் அந்த ஊர் புரியும்.

சரியான தகவல் ஊருக்குள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் சாட்சி. 2020 அக்டோபரில் அங்கே மண் எடுத்த இடத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அவை கடற்படிவில் உருவான கல் உருண்டைகள், கூடவே அம்மோனைட்டுகள். உருண்டை ஏன் உருவாகிறது என்று ஒரு படம் போட்டிருந்தால் பள்ளிப் பிள்ளைகளே சொல்லியிருப்பார்கள்.

பலகை செய்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிக்கும் எழுத்து 8 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். கல்லில் சிறிதாக வெட்டி பெயின்ட் அடித்தால் ண, ஞ, ழ மூன்றும் அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். மெருகேற்றிய கறுப்பு கிரானைட் வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும். மெருகில்லாத முகமே நல்லது. வினைல் ஒட்டினால் பெரும்பாலும் சிவப்பு நிறம்தான் முதலில் வெளுக்கும், எனவே வரைபடத்தில் முக்கியமான கோட்டைச் சிவப்பில் போடாதீர்கள். இரும்புத் தகடு என்றால் துரு திருகு ஓட்டையில் தொடங்கும். ஓட்டை போட்ட பிறகு பிரைமர் அடியுங்கள், முன்னால் அல்ல. இரும்புக் காலை நேரே மண்ணில் புதைக்காமல், தரைக்கு மேல் ஒரு சாண் எழும்பிய கான்கிரீட் பீடத்தில் நிறுத்துங்கள். மண்ணும் காற்றும் சேரும் இடத்தில்தான் கால் அரித்துப் போகும்.

முக்கியமாக, பலகையை வேலிக்கு வெளியே, சாலையைப் பார்த்து வையுங்கள். கதவு பூட்டியிருக்கும் நாளிலும் வருகிறவர் படிக்க வேண்டும்.