பீலிக்கரையில் ஒரு தவக்காலம்

மார்ச் 5, 2025, திருநீற்றுப் புதன்

தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவை அடைத்துவிட்டு பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். இன்று ஒருசந்தியும் சுத்தபோசனமும், அதாவது ஒருவேளைச் சாப்பாடு, இறைச்சி இல்லை. ஒருசந்திக் கடன் 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான். அம்மாவுக்கு 71. "சட்டம் உங்களை விட்டு எத்தனையோ வருசமாச்சு" என்றேன். "சட்டம் விட்டா நானும் விடணுமா?" என்று வெறும் தேயிலைச் சாயத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தவக்காலத்தில் வழக்கமாக நான் சீனியை விடுவேன். பிறகு உயிர்ப்பு ஞாயிறன்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக் குடிப்பேன். என் பரிசுத்தம் அவ்வளவுதான். இந்த முறை கோபத்தை விடலாம் என்று நினைக்கிறேன். எல்லாக் கோபமும் இல்லை, பக்கத்துக் காம்பராக்காரி மேல் வருகிற கோபம்.

மார்ச் 8, சனி

மழை இல்லை. நாங்கள் தண்ணீர் பிடிக்கிற மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. அவள் விடியுமுன் ஐந்து கேனை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போய்விடுவாள். கேன்கள் அவளுக்காக நிற்கும், நாங்கள் கேன்களுக்குப் பின்னால் நிற்போம். சாயங்காலம் எங்கள் செபமாலை நேரத்தில் அவளுடைய டிவி நாடகம். எங்கள் வரிசை வீடான லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பவில்லை. எங்கள் மங்கள வார்த்தை அந்தப் பக்கம் போகும், நாடகத்து மாமியார் அழுகிற சத்தம் இந்தப் பக்கம் வரும்.

முன்பு ஒரு தியானத்தில் எழுதி வைத்த குறிப்பைத் தேடி எடுத்தேன். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்ன தனி ஆத்தும சோதனை. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு இரண்டு கோடு. காலையில் தீர்மானம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கணக்கு, இராச்சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு கணக்கு. விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. அப்புறம் நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும்.

பிள்ளைக்காம்பராவின் பழைய வரவுக் கொப்பியில் கோடு போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, உன் பாவத்துக்கு நிறை போடுறியா?" என்றார். நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவருக்கு எல்லாம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசுதான்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று 9. இன்று 11. வாய்க்குள் முணுமுணுப்பதற்கும் புள்ளி உண்டா? போட்டுவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கீழ்லயத்திலிருந்து சிற்றாலயம் வரைக்கும் சிலுவைப்பாதை. 14 நிலைக்கும் முழங்காலில் கல் குத்தியது. புள்ளி 6.

மார்ச் 16, ஞாயிறு

இன்று பாதர் வந்து பூசை வைத்தார். இயேசு மலைமேல் உருமாறிய வாசகம். இங்கேயே கூடாரம் போட்டு இருந்துவிடலாம் என்கிறார் பேதுரு. நாங்கள் தலைமுறையாக மலையில்தான் இருக்கிறோம், தண்ணி பிடிக்கத்தான் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

பிரசங்கத்தில், கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த குருவான புனித யோசேப் வாஸ் வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தவரை ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். பிறகு 1697இல் அங்கே பெரியம்மை பரவியபோது, சொந்தக்காரரே கைவிட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அன்று அம்மாவும் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். ஐந்து கேன் வைத்த ஆளையே என்னால் தாங்க முடியவில்லை என்பது அன்றைக்குத் தெரியாது.

மார்ச் 20, வியாழன்

குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. விழுகிற அந்த நிமிசத்திலேயே நெஞ்சில் கைவைத்து மனம் வருந்த வேண்டுமாம். நாலு பேர் நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாமாம். இஞ்ஞாசியார் எங்கள் பீலிக்கரையைப் பார்த்ததில்லை.

இன்று காலை கேனில் ஒன்றைக் காலால் தள்ளப் போனேன். சட்டென்று கை நெஞ்சுக்குப் போனது. "என்னக்கா, நெஞ்சு வலியா?" என்று ஓடி வந்தாள். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். பேசாமல் நின்றேன். என்னைக் கல்லில் உட்கார வைத்து, தன் கேனை எடுத்துவிட்டு என் வாளியை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இஞ்சிக் கசாயம் வந்தது. குடித்தேன், நல்ல காரம். பேசாமல் இருந்ததும் ஒரு பொய்தானே என்று அதற்கும் ஒரு புள்ளி.

மார்ச் 25, செவ்வாய், மங்கள வார்த்தைத் திருநாள்

லயம் முழுக்க எனக்கு இருதய வருத்தமாம். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் எல்லாம் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். அம்மா பழைய கதை சொன்னார். மலையில் நிற்கும்போது பத்துப் பிடி கொழுந்துக்கு ஒரு காரணிக்கம், அதாவது பத்து மணி, என்று செபமாலை சொல்வாராம். கங்காணி கத்தினால் எண்ணிக்கை தப்பிவிடும். மாதா எண்ணிக்கொள்வாள் என்று தொடர்வாராம்.

மார்ச் 29, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குக் கொப்பியோடு போனேன். பாதர் அதைத் தொடவில்லை. "புள்ளியெல்லாம் சரி. நன்றி எழுதுற கோடு எங்கம்மா?" என்றார். பொது ஆத்தும சோதனைக்கு இஞ்ஞாசியார் ஐந்து படி வைத்திருக்கிறார். முதல் படி, கிடைத்த நன்மைக்குக் கடவுளுக்கு நன்றி சொல்வது. கணக்குப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். நான் மூன்று வாரமாகக் கடன்காரி மாதிரி கடன் பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அபராதமாக, அவளுக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லச் சொன்னார்.

வந்து மூன்றாவது கோடு போட்டேன். முதல் புள்ளி இஞ்சிக் கசாயத்துக்கு. வைக்க மனசே வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கதை டிஸ்பென்சரி வரைக்கும் போய், கூப்பிட்டு பிரஷர் பார்த்தார்கள். 160க்கு 100. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறை, கோபப்படாதே என்றார்கள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நாடகத்தை விட அதிக நாளைக்கு ஓடும்.

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று குருத்தோலை. இந்தக் குளிரில் தென்னை வராது, ஓலை கினிகத்தேனைப் பக்கமிருந்து வந்தது. சாயங்காலம் நல்ல மழை. இன்று புதுவருசம். பக்கத்துக் காம்பராவிலிருந்து பலகாரத் தட்டு வந்தது. "உங்க விரதம் முடியட்டும், மூடி வைங்க" என்றாள். அம்மா மூடி வைத்தார். நான் ஒரு முறுக்கு எடுத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

பீலியில் தண்ணீர் கொட்டுகிறது, வரிசையே இல்லை. "நீங்க பாரம் தூக்காதீங்க" என்று என் வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். நான் காலையில் மெழுகி வைத்த வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நின்றாள். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"பாத்தீங்களா, மறுபடியும் வலிக்குது" என்றாள்.