கொடைக்கானல்ல சின்ன ப்ளேட்டும் மாமாவோட கணக்கும்

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதுரையில இருந்து கெளம்பவே லேட்டு, வத்தலக்குண்டுல டீ குடிச்சிட்டு மேல ஏறினா வெள்ளி அருவிகிட்ட இ-பாஸ் செக்கிங், வண்டி நகரவே இல்ல. 2024 மே மாசம் ஹைகோர்ட் சொல்லி வந்தது, இப்ப எல்லாருக்கும் பழகிடுச்சு. நாளைக்கு போற ஹோட்டல் முன்னாடி ஏரி பக்கம் ஒரு மாடி ரூம்ல இருந்துச்சாம், இப்ப அப்சர்வேட்டரி போற ரோட்டுல பழைய பங்களாவுக்கு மாத்திட்டாங்க. பேரு போட மாட்டேன், கொறையும் எழுத வேண்டி வரலாம்ல.

ஆகஸ்ட் 23, சனி

இடம் அருமை, கண்ணாடி ஜன்னல், வெளிய பேரிக்கா மரம், உள்ள ஃபயர்ப்ளேஸ். ஆனா ஹால் பெருசா போனதால சத்தம் எதிரொலிக்குது, பக்கத்து டேபிள்ல எந்த ரிசார்ட்ல ரூம் எவ்வளவுன்னு பேசுறது முழுக்க நம்ம காதுல விழுது.

மெனுவே ஒரு பக்கம்தான். எல்லாம் சின்ன சின்ன ப்ளேட், பகிர்ந்து சாப்பிடணும், பக்கத்துலயே எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு போட்டிருக்கு. இங்கதான் மாமா நிமிர்ந்து உக்காந்தாரு. என் மாமனார் கீழ ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்ல கமிஷன் கடையில கணக்கு எழுதினவரு, காய பாத்தாலே எந்த மலைன்னு சொல்லுவாரு. "தம்பி, மன்னவனூர் கேரட்டுன்னு போட்டிருக்கீங்களே, நேரா தோட்டத்துல இருந்தா, இல்ல ஒட்டன்சத்திரம் எறங்கிட்டு திரும்ப ஏறுதா?" அந்தப் பையன் சிரிச்சிட்டு, "கேரட்டும் பீன்ஸும் நேரா வருதுங்கய்யா, வெங்காயம் தக்காளி கீழ இருந்துதான்"னு ஒத்துக்கிட்டான். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, சும்மா எல்லாமே எங்க தோட்டம்னு சொல்லியிருந்தா மாமா விட்டிருக்க மாட்டாரு.

முதல்ல வந்தது பூம்பாறை மலைப்பூண்டு. முழு பூண்டு, தலைய மட்டும் சீவிட்டு நெய் விட்டு தணல்ல வச்சது, தோலப் புடிச்சு அமுக்குனா பல்லு ஒண்ணொண்ணா வழுக்கி வெளிய வருது, ஓரமெல்லாம் தேன் கலர்ல கருகி, அத ராகி அடையில தடவிக்கணும். சுட்டும் அந்தக் காரம் போகல, மூக்குல லேசா ஏறுது, அதுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தது நியாயம்தான்னு தோணுச்சு. நாங்க ரெண்டாவது ப்ளேட்டும் சொன்னோம்.

பட்டர் பீன்ஸ மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு சுண்டல் மாதிரி பண்ணிருந்தாங்க, உள்ள மாவு மாதிரி வெந்து தோல் மட்டும் கெட்டியா, நல்லா இருந்துச்சு. பேரிக்கா ஊறுகாயோட கொடைக்கானல் சீஸ், பரவால்ல. பட்டர் ஃப்ரூட்ல பொட்டுக்கடலைப் பொடி தூவினது எனக்கு ஒத்துக்கல, எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப பிடிச்சது. ஆனா எறால் எதுக்கு? பத்து ஊரு பேரு போட்ட மெனுவுல எறாலுக்கு மட்டும் ஊரு பேரு இல்ல, வந்ததும் ரப்பர் மாதிரி. கேக்குறவங்களுக்காக வச்சிருக்கோம்னான் பையன். இவ்வளவு பண்ணிட்டு அத வச்சிருக்க வேணாம்.

கடைசியா மலைவாழைப் பணியாரம். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற விருப்பாச்சி ரகம். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சப்ப மண்டியில தார் வரவே கொறஞ்சிடுச்சுன்னு மாமா சொல்லிக்கிட்டே நாலு சாப்பிட்டாரு. பில்லு ரெண்டாயிரத்து சொச்சம், மூணு பேருக்கு. வெளிய வந்ததும் மாமா கேட்டது "இங்க இட்லி கடை எங்க இருக்கு".

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயில் கும்பிட்டுட்டு ஒரு வீட்டு வாசல்ல பூண்டு வாங்கினோம், தாளோட கட்டு கட்டா தொங்கவிட்டிருந்தாங்க. அந்த அக்கா சொன்னது, முக்காவாசி வடுகபட்டி சந்தைக்குத்தான் எறங்குதாம், அங்க இருந்து வாங்கி கொடைக்கானல் கடைக்காரங்களே சிலபேரு திரும்ப மேல கொண்டு வர்றாங்களாம். மாமாவுக்கு மொகமெல்லாம் வெளிச்சம், நேத்து கேட்ட கேள்வி சரியான கேள்விதானேன்னு இவர்கிட்ட ஊரு வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தாரு.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை, சுண்டல். பூண்டுப் பைய அத்தை பால்கனிக்கு அனுப்பிட்டாங்க, சாமி கும்பிடுற அன்னைக்கு அடுப்பு பக்கமே வரக்கூடாதுன்னு.

ஆகஸ்ட் 28, வியாழன்

தணலுக்கு எங்க போறது, இரும்பு தோசைக்கல்லுல நெய் விட்டு பூண்ட கவுத்தி வச்சு மூடிட்டேன், தீ ரொம்ப சிம்ல. அரை மணி நேரம் ஆச்சு, அடி கொஞ்சம் தீஞ்சாலும் பல்லு அதே மாதிரி வழுக்கிட்டு வந்துச்சு. ராகி அடைக்குப் பொறுமை இல்ல, சூடா சப்பாத்தி. அத்தை ஒரு பல்லு எடுத்து முகர்ந்துட்டு ரசத்துக்கு ரெண்டு எடுத்து வச்சுக்கிட்டாங்க. மாமா ரெண்டு முழுப் பூண்ட காலி பண்ணிட்டு, பூம்பாறையில கிலோவுக்கு நாம குடுத்தது ஜாஸ்தின்னு இப்ப ஆரம்பிச்சிருக்காரு, அடுத்த தடவ வடுகபட்டிக்கே போலாமாம்.