ஆடி மாதத்தில் போலந்து: சில நாட்குறிப்புகள்

ஜூலை 22, கிராகோவ்

விடுதி அறையின் சன்னலைத் திறந்தால் மரியன்னை ஆலயத்தின் உயரமான கோபுரம் தெரிகிறது. அதன் உச்சியிலிருந்து இரவு பகல் பாராமல் மணிக்கொரு தரம் எக்காளம் ஊதுகிறார்கள். நான்கு திசைக்கும் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் இசை நடுவிலேயே அறுபட்டு நின்றுவிடுகிறது. 1241இல் மங்கோலியத் தாத்தாரியர் படை வந்தபோது ஊரை எழுப்ப ஊதியவனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்கள் என்று விடுதிப் பெண் சொன்னார். இப்போது ஊதுபவர்கள் தீயணைப்புப் படையினர். விடியற்காலை மூன்று மணிக்கும் கேட்டேன், நான்கு மணிக்கும் கேட்டேன்.

தம்பியிடமிருந்து செய்தி இல்லை.

ஜூலை 23

மரியன்னை ஆலயத்தில் வீட் ஸ்டோஸ் செதுக்கிய பலிபீடத்தின் கதவுகளை 11.50க்குத் திறப்பார்கள் என்பதால், பார்வையாளர்களை உள்ளே விட்டதுமே போய் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். நியூரம்பெர்கிலிருந்து வந்த அந்தச் சிற்பி 1477 முதல் 1489 வரை இதற்காக உழைத்திருக்கிறார். நடுவில் உள்ள உருவங்கள் லிண்டன் மரத்தில் செதுக்கியவை, ஆள் உயரத்தைவிடப் பெரியவை. மரியாள் உயிர் பிரியும் தறுவாயில் மண்டியிட்டபடியே சரிகிறாள். சீடர் ஒருவர் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அவளுடைய கைகள் மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்குகின்றன. சீடரின் கைகளிலோ நரம்புகள் புடைத்திருக்கின்றன. கூட்டம் வந்து, படம் எடுத்துக்கொண்டு, கலைந்து, வேறொரு கூட்டம் வந்த பின்பும் நான் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1939இல் போர் மூளும் முன்பே இந்தச் சிற்பங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து வெளியூர்களில் மறைத்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியர் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்விட்டனர். போர் முடிந்த பிறகு நியூரம்பெர்க் கோட்டையின் நிலவறையில் கிடைத்து, 1946இல் ஊர் திரும்பியது. செப்பனிட்டு மறுபடி இதே இடத்தில் நிறுத்த மேலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பதின்மூன்று மீட்டர் உயரமுள்ள ஒன்றைக் கழற்றுவதென்றால் எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்பதை யாரோ ஒருவர் பொறுமையாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். அவரைப் பற்றியே மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24

நாள் முழுவதும் மழை. தம்பி கூப்பிட்டான். ஊரில் எங்கள் பழைய வீட்டை இடிக்க ஆடி முடியும்வரை கை வைக்க மாட்டார்களாம்.

ஜூலை 25

வியெலிச்கா உப்புச் சுரங்கம். இறங்குவதற்கே முதலில் சுமார் 380 மரப்படிகள். உப்பென்றால் வெண்மையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கோ சுவர்கள் கருங்கல்லைப் போல் சாம்பல் பூத்திருக்கின்றன. விரலால் தேய்த்து நாவில் வைத்துப் பார்த்தேன், கரித்தது.

101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்காவின் ஆலயம் இருக்கிறது. தரையும் பலிபீடமும் சுவரில் உள்ள கடைசி இராவுணவுக் காட்சியும் சரவிளக்குகளில் தொங்கும் மணிகளும் உப்பால் ஆனவை. 1896இல் தொடங்கிய இந்த வேலையைச் செய்தவர்கள் சுரங்கத் தொழிலாளிகளே. மார்கோவ்ஸ்கி சகோதரர் இருவர், அவர்களுக்குப் பின் விரோடெக். 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த 12 இடங்களில் இந்தச் சுரங்கமும் ஒன்று, கிராகோவ் நகரமும் ஒன்று.

ஆனால் என் மனத்தில் தங்கியது அதற்கு முன்பு பார்த்த பழைய புனித அந்தோனியார் சிற்றாலயம்தான். அங்கே சிலைகளின் முகம் கரைந்துவிட்டது. மூக்கு இருந்த இடம், கண் இருந்த இடம் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்கிறது, பிறகு தானும் சிறிது சிறிதாக வழிந்துவிடுகிறது. இந்த ஈரத்தால்தான் 1989இல் சுரங்கத்தை அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள்; ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் செய்த பின் 1998இல் எடுத்தார்கள். அந்த முகமற்ற சிலைகளின் முன்னால் நாங்கள் முப்பது பேர் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

ஜூலை 26

யூதர்கள் வாழ்ந்த கஸிமியேர்ஸ் பகுதி. ரெமு தொழுகைக்கூடத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் மதில் உடைந்த கல்லறைக் கற்களாலேயே எழுப்பப்பட்டிருக்கிறது. முழுப் பெயர் கொண்ட கல் அதில் ஏறக்குறைய இல்லை. பாதி எழுத்து, ஒரு கொடியின் வளைவு, ஆசி கூறும் ஒரு கையின் நான்கு விரல்கள், இப்படித் துண்டு துண்டாக. எந்தத் துண்டு யாருடைய தலைமாட்டில் நின்றதோ. எறிய மனமில்லாதவர்கள் பொறுக்கிச் சேர்த்து, சாந்து பூசி, ஒரு துண்டும் துரும்பும்கூட வீணாகாதபடி நிறுத்தியிருக்கிறார்கள். 1959இல் தோண்டியபோது மண்ணுக்கடியிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட பழைய கல்லறைக் கற்கள் வெளிவந்தன. அவை இப்போது வரிசையாக நிற்கின்றன.

ஜூலை 28

ஆஷ்விட்ஸ், பிர்கெனாவ். நாஜிகள் பதினொரு லட்சம் பேரைக் கொன்ற முகாம்கள். அவர்களில் பத்து லட்சம் பேர் யூதர்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் குவித்த தோல் பெட்டிகளின்மேல் பெயரும் பிறந்த தேதியும் வெள்ளைச் சாயத்தில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று நம்பி எழுதியவை. ஒன்றில் எழுத்துகள் கடைசியில் இடம் போதாமல் நெருங்கிவிட்டிருந்தன.

கொலையாளிகள் தடயத்தை அழிப்பதற்காக வெடி வைத்துத் தகர்த்த நச்சுவாயுக் கூடங்களின் கூரை மடிந்து கிடக்கிறது. அதை யாரும் எடுத்துக் கட்டவில்லை. மேலும் சரிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். அதுவே சரி.

ஜூலை 30, வார்சா

தூக்கமில்லை. எக்காளம் இல்லாத இரவு நீளமாக இருக்கிறது.

ஜூலை 31

அரண்மனைச் சதுக்கத்திலிருந்து பழைய நகரின் சந்தைச் சதுக்கம் வரை மூன்று முறை நடந்தேன். ஓவியம் தீட்டிய முகப்புகள், இரும்பு விளக்குகள், சரிந்த ஓட்டுக் கூரைகள். இருநூறு, முந்நூறு ஆண்டு வயது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஜெர்மானியருக்கு எதிரான 1944 எழுச்சி அடக்கப்பட்ட பின் இவை அனைத்தும் செங்கல் மேடாகக் கிடந்தன. பழைய நகரில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. இன்று நான் கைவைத்துப் பார்த்த சுவர்களில் பெரும்பாலானவை என் தந்தையின் தலைமுறையில் எழும்பியவை.

எப்படிக் கட்டினார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1770களில் பெர்னார்தோ பெலோட்டோ இந்த நகரின் தெருக்களை மிக நுணுக்கமாக வரைந்த ஓவியங்கள் பெரிதும் உதவின. அவற்றை இன்று அரண்மனையில் தனி அறையில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஓவியம் மட்டும் போதாது. ஓவியனுக்குச் சன்னலின் அழகு தெரியும், அகலம் தெரிய வேண்டியதில்லை. போருக்கு முன்பே வார்சா பொறியியல் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள், பேராசிரியர் ஓஸ்கர் சொஸ்நோவ்ஸ்கியின் வழிகாட்டுதலில், பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அன்று அது பாடத்துக்கான பயிற்சிதான். நாடாவின் ஒரு நுனியை ஒருவர் பிடிக்க, மறு நுனியை இன்னொருவர் பிடித்து, வாசற்படியின் உயரத்தைக் குறித்துக்கொண்டிருப்பார்கள். 1939இல் குண்டுவீச்சில் காயமடைந்து சொஸ்நோவ்ஸ்கி இறந்தார். அந்த வரைபடங்களை நகரத்துக்கு வெளியே, பியோத்ர்கூவில் ஒரு மடாலயத்தில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். பின்னாளில் கொத்தனார்கள் கையில் இருந்தது அந்தத் தாள்கள்தான்.

அரண்மனையின் கோபுரக் கடிகாரம் 1939 செப்டம்பர் 17 அன்று குண்டு விழுந்தபோது 11.15இல் நின்றதாம். 1944இல் அரண்மனையையே வெடி வைத்து வீழ்த்தினர். 1971இல் மீண்டும் கட்டத் தொடங்கி, 1974இல் ஒரு நாள் சரியாக 11.15க்குக் கடிகாரத்தை ஓட விட்டார்கள். சுவர்களில் புதிய கல்லுக்கு நடுவே அங்கங்கே பழைய செதுக்குக் கற்கள் கறுத்துத் தெரிகின்றன. அருங்காட்சியகத்தின் ஆட்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்துப் பதுக்கிய துண்டுகள் அவை.

புதிய ஊரைப் பழைய ஊர் என்று சொல்வது பொய்யல்லவா என்று பக்கத்து மேசையில் ஒரு பயணி மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. யுனெஸ்கோவும் 1980இல் இதைப் பட்டியலில் சேர்த்தது மீண்டும் கட்டிய அந்த முயற்சிக்காகவே. ஒன்று மட்டும் உறுத்துகிறது: வார்சாவுக்குச் செங்கல் தேவைப்பட்டபோது வ்ரோட்ஸ்வாஃப் போன்ற மேற்கு நகரங்களில் கட்டடங்களை இடித்து அனுப்பினார்கள். அந்த வீடுகளை யாராவது அளந்தார்களா?

ஆகஸ்ட் 1

மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. எழுச்சி தொடங்கிய மணி. தெருவில் எல்லாரும் அப்படியே நின்றார்கள், பேருந்துகளும் நின்றன. எனக்கு முன்னால் ஒரு முதியவர் காய்கறிப் பையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடத்துக்குப் பின் நடக்கத் தொடங்கினார். நானும் அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் காரணமின்றி நடந்தேன்.

ஆகஸ்ட் 2

தம்பிக்கு எழுதினேன்: வீட்டைப் படம் எடுத்தது போதாது, நாடா எடுத்து அள. தூண், திண்ணை, முற்றம், நிலைப்படி, மாடத்தின் ஆழம், ஒன்றையும் விடாதே.

ஆகஸ்ட் 3

தம்பி அளந்து அனுப்பினான். திண்ணை நீளம் 11 அடி 4 அங்குலம். உயரம் 2 அடி 1 அங்குலம். தூணின் சுற்றளவு 31 அங்குலம், இரண்டும் ஒன்றாக இல்லை, வடக்குத் தூண் அரை அங்குலம் பருமன். இதை அறுபது ஆண்டுகளாக யாரும் அறிந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 5, மால்போர்க்

ஜெர்மானிய வீரத்துறவியர் கட்டிய செங்கல் கோட்டை. 1945இல் பாதிக்கு மேல் இடிந்தது. அதன் ஆலயத்தின் வெளிச்சுவரில் மாடத்தில் நின்ற எட்டு மீட்டர் உயரக் கன்னி மரியாளின் சிலையும் அப்போது போனது. வண்ணச் சில்லுகள் பதித்த அந்தச் சிலை 2016இல்தான் மறுபடி தன் மாடத்துக்கு வந்தது. பல தலைமுறைக் குழந்தைகள் வெறும் மாடத்தைப் பார்த்தே வளர்ந்திருப்பார்கள். வெயில் பட்டதும் சில்லுகள் ஒவ்வொன்றாக மின்னுவதைச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி சமையலறையை இன்னும் அளக்கவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாக