ஆட்டோவுக்கு 500 ரூபாய், ஆற்று வாயில் இரண்டு பாட்டில் தண்ணீர்

முத்துப்பேட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து ஜாம்புவானோடை படகுத்துறை வரை செல்ல ஓர் ஆட்டோக்காரர் என்னிடம் 500 ரூபாய் வாங்கிவிட்டார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் மனம் ஆறாது. இரண்டு நாள் பயணத்துக்கு நான் ஒதுக்கியிருந்ததே 2,500 ரூபாய்தான். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடியில் பேருந்து மாறி அவ்வளவு தூரம் வந்த செலவைவிட, கடைசிச் சில கிலோமீட்டருக்கு ஆன செலவு பல மடங்கு. மழை தூறிக்கொண்டிருந்தது, தெருவில் வேறு வண்டி இல்லை, அது அவருக்கும் தெரிந்திருந்தது.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துபவன். சில மாதங்களாக ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கும் ஆறுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலகக் கடல்நீரில் நூற்றில் ஒரு பங்குதான் அந்தக் கடலில் இருக்கிறது. ஆனால் உலகத்து ஆறுகள் கடலில் கொட்டும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேதான் போய் விழுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து, ஆற்றுநீர் கடல்நீருக்கு என்னதான் செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. சைபீரியாவுக்குப் போக வசதி இல்லாதவனுக்கு வெண்ணாறு இருக்கிறது. நீடாமங்கலம் அருகே அதிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலில்தான் முடிகின்றன.

பெருமழை ஓய்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. படகுக் கூலியை ஒரு குடும்பத்தாருடன் பங்கு போட்டுக்கொண்டதால் என் கணக்கு ஓரளவு தப்பியது. நான் ஒரு கண்ணாடி பாட்டிலில் கல்லைக் கட்டி, வாயைக் கார்க்கால் அடைத்து, கார்க்கில் தனியாக ஒரு நூலைக் கோத்துக் கொண்டுபோயிருந்தேன். கீழே இறக்கிய பிறகு நூலை இழுத்தால் கார்க் கழன்று, அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் உள்ளே வரும். படகோட்டி இதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு வாத்தியாரே இவ்வளவு வேலை? மேல்தண்ணி ஆத்துத் தண்ணி, அடித்தண்ணி கடல் தண்ணி, கழியை ஊன்றினாலே தெரியும்" என்றார். இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேலே எடுத்தது ஏறக்குறையக் குளத்து நீர். ஆள் உயர ஆழத்தில் எடுத்தது வாயில் வைக்க முடியாத உப்பு. உப்பு குறைந்த நீர் எடையிலும் குறைவு என்பதால், காற்று பலமாக அடித்துக் கலக்கும் வரை அது மேலே ஒரு போர்வையாகக் கிடக்கிறது.

ஆர்க்டிக் கடல் முழுவதுமே இப்படிப் போர்வை போர்த்திய கடல்தான். ஆறுகளின் நீரும், உருகும் பனியும், பசிபிக் பக்கமிருந்து பேரிங் நீரிணை வழியாக வரும் உப்புக் குறைந்த நீரும் மேலே மிதக்கின்றன. அட்லாண்டிக்கிலிருந்து வரும், வெப்பமும் உப்பும் மிகுந்த நீர் அடியில் ஓடுகிறது. நடுவே உப்பு விரைவாக ஏறும் ஓர் அடுக்கு இருப்பதால் அடியிலுள்ள வெப்பம் எளிதில் மேலே வருவதில்லை. கடற்பனி நிலைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அளவைச் சொன்னால்தான் நம் ஊருக்குப் புரியும், அதுவும் டி.எம்.சி.யில் சொல்ல வேண்டும். காவிரிப் படுகை முழுவதின் ஓராண்டு நீரை நடுவர் மன்றம் 2007-இல் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. சைபீரியாவின் லேனா என்ற ஒரே ஆறு ஓராண்டில் ஆர்க்டிக்கின் ஒரு பகுதியான லாப்டெவ் கடலில் சேர்ப்பது ஏறத்தாழ 19,000 டி.எம்.சி.; அதாவது 25 காவிரி. அதைவிடப் பெரியது எனிசெய். ஓப், மெக்கென்சி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நீரும் ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடந்துவிட்டு, மே கடைசியிலும் ஜூனிலும் பனி உடைந்து, ஆண்டு நீரின் பெரும்பங்கு சில வாரங்களில் பாய்ந்துவிடுகிறது. அப்போது கரையோரக் கடல் இன்னும் உறைந்தே இருப்பதால், வெள்ளம் பனித்தளத்தின் மேலும் அடியிலும் பரவுகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்காகக் காத்திருக்கும் ஊர்க்காரனுக்கு, அதே ஜூனில் திறக்க ஆளே இல்லாமல் தானாகத் திறந்துகொள்ளும் ஆற்றின் மேல் பொறாமை வராமல் இருக்காது.

மதியம் படகுத்துறையிலிருந்து திரும்பிச் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். ஓட்டுக் கூரைக்குக் கீழே நான்கு பெஞ்சுகள் மட்டுமே இருந்த கடையில், வாழையிலையில் சோறும், கொடுவா மீன் குழம்பும், தேங்காய் எண்ணெய் வாசனை இல்லாமல் நல்லெண்ணெயிலேயே வதக்கிய இறால் தொக்கும் வைத்தார்கள். 160 ரூபாய். அந்தக் குழம்புக்காக ஆட்டோக்காரரைப் பாதி மன்னித்தேன். கொடுவா ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டையிட உப்புநீருக்குப் போகும் மீன். சைபீரியக் கரையில் ஓமுல் என்ற மீன் இதற்கு நேர்மாறு: கரையோரத்து உவர்நீரில் இரை தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிறது. கனடாவின் மெக்கென்சி ஆற்றின் முகத்துவாரத்தில் ஒவ்வொரு கோடையிலும் வெள்ளைத் திமிங்கிலங்கள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. எந்தக் கடலானால் என்ன, ஆற்று வாய் என்றால் பந்திதான்.

இரவு திருத்துறைப்பூண்டியில் 600 ரூபாய் அறை. மின்விசிறி சுற்றியதைவிடச் சத்தம்தான் அதிகம் போட்டது. ஆனால் அந்த அறையில்தான் பயணத்தின் சிறந்த காட்சியைக் கண்டேன். மேல்தண்ணீரை ஒரு டம்ளரிலும், மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் சரிபாதி கலந்ததை இன்னொன்றிலும் ஊற்றி சன்னலில் வைத்தேன். காலையில் முதல் டம்ளர் அப்படியே கலங்கலாக இருந்தது. இரண்டாவது தெளிந்து, அடியில் வண்டல் மாவுபோலப் படிந்திருந்தது. களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை, ஆற்றில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதக்கும். உப்பிலுள்ள நேர்மின் அயனிகள் வந்ததும் அந்த விலக்கம் குறைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும். ஆற்றில் கரைந்து வரும் இரும்பின் பெரும்பகுதியும் முகத்துவாரத்தில் இப்படித்தான் திரண்டு வீழ்கிறது. டெல்டா உண்டான வேதியியலை இத்தனை ஆண்டு கரும்பலகையில் மட்டுமே எழுதியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

லேனாவின் தண்ணீரும் பழுப்புதான், ஆனால் டம்ளரில் எத்தனை நாள் வைத்தாலும் அந்த நிறம் போகாது. அது மண் கலங்கல் அன்று, டிகாக்‌ஷன். துந்திரம் என்ற மரமில்லாத வடதுருவ வெளியின் காலங்காலமாக உறைந்து கிடக்கும் மண்ணிலிருந்தும் காடுகளிலிருந்தும் மக்கிய பொருளின் சாறு கரைந்து வருகிறது. உப்பு கலந்த பிறகும் அதில் பெரும்பகுதி கரைந்தே இருந்து கடலுக்குள் போகிறது. அந்தப் பழுப்பு நிறம் சூரிய ஒளியை மேல்மட்டத்திலேயே விழுங்கிக்கொள்கிறது. மேல்நீர் சூடாகிறது, அடியிலுள்ள நுண்பாசிகளுக்கு வெளிச்சம் குறைகிறது. பிறகு நுண்ணுயிரிகள் அந்தச் சாற்றைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக விடுகின்றன. கிழக்குச் சைபீரியக் கடலில் நீர் அமிலத்தன்மை அடைவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நன்னீர் கலந்து கால்சியமும் கார்பனேட்டும் ஏற்கெனவே நீர்த்துப்போன கடலில், சிப்பி ஓடு கட்டுவது இன்னும் கடினமாகிறது.

ஆற்றுநீர் என்றாலே கடலுக்கு உரம் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. உரம் என்பது உண்மையே. ஆறுகளும் கரை அரிப்பும் கொண்டுவரும் ஊட்டச்சத்து, ஆர்க்டிக் பெருங்கடலின் நுண்பாசி விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது என 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆனால் அதே நன்னீர்ப் போர்வை, நுண்பாசிக்கு உரமான ஆழத்து நைட்ரேட் மேலே வருவதையும் தடுக்கிறது; கரையோரத்துக்குச் சோறு போட்டுவிட்டு நடுக்கடலின் அடுப்பை அணைப்பது போன்ற வேலை அது. தென்துருவத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அண்டார்க்டிக்காவின் மிக நீளமான ஆறான ஓனிக்ஸ் சுமார் 32 கிலோமீட்டர்தான், அதுவும் கடலை விட்டு விலகி உள்நாட்டு ஏரியான வாண்டாவில் போய் முடிகிறது. ஆறில்லாத அந்தத் தென்கடலின் பெரும்பரப்பில் நைட்ரேட் மிஞ்சிக் கிடக்கிறது, இரும்புக்குத்தான் பஞ்சம்.

இரண்டாம் நாள் கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து வந்த பேருந்தில் சன்னல் கண்ணாடி இல்லை, இருக்கையில் மழைநீர் தேங்கியிருந்தது, நின்றுகொண்டே வந்தேன். உப்பளங்களைத் தாண்டிய சதுப்பில் பூநாரைகள் தூரத்தில் வெளுத்த கோடாகத் தெரிந்தன, எல்லோரும் அவற்றையே படம் எடுத்தார்கள். நான் பார்க்கப் போனது அவற்றை அல்ல. இருபதடி தொலைவில், கணுக்கால் ஆழத் தண்ணீரில் வளைமூக்கு உள்ளான்கள் பத்துப் பன்னிரண்டு, தையல் இயந்திரத்து ஊசியைப் போலச் சேற்றைக் குத்திக் குத்தி நகர்ந்துகொண்டிருந்தன. சைபீரியத்தின் வடகோடித் துந்திரத்தில் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை அது. அங்கே பனி உடைந்து ஆறுகள் புரளும் ஜூனில் போய்ச் சேரும்; இங்கே வடகிழக்குப் பருவமழை வண்டலைக் கொண்டுவரும் காலத்தில் திரும்பி வந்திருக்கும். யூரேசியாவிலிருந்து ஆர்க்டிக்கில் விழும் 6 பெரிய ஆறுகளின் நீர் 1936-இலிருந்து 1999-க்குள் சுமார் 7 விழுக்காடு கூடியிருக்கிறது. இங்கேயோ பூம்புகாரில் காவிரி கடலைத் தொடும் இடத்தைப் பல மாதங்களில் செருப்புடன் நடந்து கடக்கலாம். ஒரு முனையில் கூடுதல், மறு முனையில் குறைச்சல். இரண்டுக்கும் இடையே அந்தப் பறவை பறந்துகொண்டிருக்கிறது.

ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். கடைசிப் பேருந்து ஹாரன் அடித்தபோது கையில் 210 ரூபாய் மிச்சமிருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் வேதாரண்யத்துக்கு 300 கேட்டார்; சேற்றுக் காலோடு பேருந்தை நோக்கி ஓடினேன்.