பதிவு மூடும் நேரத்தில் பதினைந்து பிளைண்ட்

போக்கர் டோர்னமென்ட்டில் லேட் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஆட்டம் தொடங்கிய பிறகும் ஆட்களைச் சேர்க்கும் பதிவு, மூடுவதற்கு முந்தைய இருபது நிமிடம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் டீலராகச் சேர்ந்து, இப்போது ஃப்ளோர், அதாவது மேஜைகளின் மேற்பார்வை, பார்க்கிறேன். சென்னை, பெங்களூர், ஹைதராபாத் விமானங்களில் வந்து இறங்கியவர்கள் ஜெட்டியில் படகு ஏறி, தோள்பையைக்கூடக் கழற்றாமல் கவுன்டருக்கு வருவார்கள். ஏற்கெனவே ஆடித் தோற்று இன்னொரு என்ட்ரி போட வந்தவர்களும் அதே வரிசையில் நிற்பார்கள். ஒரு பக்கம் பான் கார்டு பார்த்து ரசீது போட வேண்டும்; இன்னொரு பக்கம் எந்த மேஜையில் நாற்காலி காலி என்று பார்க்க வேண்டும். இந்த நெரிசலுக்குள் தமிழ்க் குரல் ஒன்று கட்டாயம் கேட்கும்: “அண்ணே, இப்ப உள்ள போனா பதினஞ்சு பிளைண்ட்தானே கிடைக்கும்? போடலாமா, விட்டுடலாமா?”

பிளைண்ட் என்பது கார்டு பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயம் போட வேண்டிய சிப்; லெவல் ஏற ஏற அதுவும் ஏறும். கையில் இருக்கும் மொத்த சிப்பை, அதாவது ஸ்டாக்கை, அது எத்தனை பெரிய பிளைண்டுக்குச் சமம் என்று எண்ணுவது வழக்கம். கவுன்டரில் நிற்கும்போது நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. ஆடச் சொல்வதும் வேண்டாம் என்பதும் எங்கள் வேலை இல்லை. எந்த லெவல், பிளைண்ட் எவ்வளவு, எத்தனை என்ட்ரி, எத்தனை பேர் மிச்சம் என்பதை மட்டும் சொல்வேன். ஆனால் இத்தனை காலம் கார்டு போட்டுப் பார்த்ததில் எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டு. பதினைந்து பிளைண்ட் என்பது கெட்ட ஸ்டாக் இல்லை. அதை ஆடத் தெரியாதவர் கையில் போய்ச் சேரும்போதுதான் அது கெடுகிறது.

கணக்கை முதலில் பார்க்கலாம். ஒரு டோர்னமென்ட்டில் பரிசுத் தொகைக்குப் போகும் பை-இன் (நுழைவுப் பணம்) 25,000 ரூபாய், தொடக்க ஸ்டாக் 30,000 சிப் என்று வைத்துக்கொள்வோம். முதல் லெவல் 100/200, அதாவது ஸ்மால் பிளைண்ட் 100, பிக் பிளைண்ட் 200. அப்போது உட்காருபவரிடம் 150 பிளைண்ட் இருக்கும். அரை மணிக்கு ஒரு லெவல் ஏறி, நாலு மணி நேரம் கழித்துப் பதிவு மூடும்போது 1,000/2,000. அப்போது வருபவருக்கும் அதே 30,000 சிப்தான் தருவோம். டோர்னமென்ட் டைரக்டர்கள் சங்கத்தின் விதிப்படி தாமதமாக வருபவருக்கு முழு ஸ்டாக் உண்டு, ஒன்றும் குறைக்கக் கூடாது. ஆனால் பிளைண்ட் பத்து மடங்கு ஏறியிருப்பதால் 30,000 என்பது 15 பிளைண்ட் ஆகிவிடுகிறது.

மொத்தம் 100 என்ட்ரி, அதில் 60 பேர் மிச்சம் என்றால் சராசரி ஸ்டாக் 50,000. புதிதாக வருபவர் சராசரிக்கு வெகு கீழே. பார்த்தவுடன் நஷ்டம் போலத் தோன்றும். ஆனால் மேஜைகளில் இருக்கும் 30 லட்சம் சிப்பில் அவர் கையில் இருப்பது நூற்றில் ஒரு பங்கு. பரிசுத் தொகை 25 லட்சம். அதில் நூற்றில் ஒன்று 25,000. கொடுத்த பணத்துக்கு ஈடான சிப் கையில் வந்துவிட்டது. இன்னும் சொல்லப்போனால் அதற்கும் கொஞ்சம் மேலேயே மதிப்பு. ஐ.சி.எம். என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு இதுதான்: பரிசு ஒரே ஆளுக்குப் போகாமல் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும்போது, சின்ன ஸ்டாக்கில் இருக்கும் ஒவ்வொரு சிப்பும் பெரிய ஸ்டாக்கில் இருக்கும் சிப்பைவிடக் கூடுதல் பெறும். பெரிய ஸ்டாக்காரர் இருமடங்கு சிப் வைத்திருப்பதால் இருமடங்கு பணம் அவருக்கு வந்துவிடாது. 40 பேர் வெளியே போன பிறகு வருபவர், அந்த 40 பேரோடு மோதும் ஆபத்து இல்லாமலேயே பணம் கிடைக்கும் இடத்துக்கு நெருங்கி உட்காருகிறார். “லேட்டாப் போனா காசு வேஸ்ட்” என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு விஷயமும் கடைசி நிமிடக்காரர்களுக்கு மட்டும் தெரியும். பரிசுத் தொகை குறைந்தது 30 லட்சம், அதாவது கேரண்டி, என்று அறிவித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 100 என்ட்ரிதான் வந்தது என்றால் 25 லட்சம்தான் சேரும். மீதி 5 லட்சத்தை நடத்துபவர்கள் கையிலிருந்து போட வேண்டும். அப்போது நூற்றில் ஒரு பங்கு 30,000 ரூபாய். திரையில் ஓடும் எண்ணைப் பார்த்துவிட்டு, கேரண்டி எட்டாது என்று உறுதியான பிறகு என்ட்ரி போடுபவர்கள் உண்டு. நன்றாகத் தெரிந்து செய்கிறார்கள். அவர்கள் செய்வது சரி.

சரி, அப்படியென்றால் எல்லோரும் கடைசியில் வந்தால் போதுமே? அங்கேதான் மறுபக்கம் வருகிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் மேஜையில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். கோவாவுக்குச் சுற்றுலா வந்தவர்கள், நண்பர்களோடு ஒருமுறை ஆடிப் பார்க்கலாம் என்று வந்தவர்கள், எந்தக் கையையும் மடிக்க, அதாவது கார்டைப் போட்டுவிட்டு விலக, மனசு வராதவர்கள். 150 பிளைண்ட் கையில் இருக்கும்போது டாப் பேர் (நடுவில் திறந்த கார்டுகளில் பெரியதோடு சேர்ந்த ஒரே ஜோடி) வைத்துக்கொண்டு முழு ஸ்டாக்கையும் தள்ளுவார்கள். ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று நடுவில் கார்டு திறக்கும் மூன்று கட்டத்திலும் முடிவெடுக்கத் தெரிந்த நல்ல ஆட்டக்காரருக்கு இவர்களிடமிருந்து சிப் வருவதுபோல வேறு எப்போதும் வராது. பதிவு மூடும் நேரத்தில் இவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய சிப்பை அள்ளி வைத்திருக்கும் ஆள்தான் உங்கள் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். ஆழமான ஸ்டாக்கில் ஆடத் தெரிந்தவர் தாமதமாக வந்தால் இழப்பது இந்த லாபத்தைத்தான், ஐ.சி.எம். தரும் கொசுறு அதை ஈடுசெய்யாது.

அமெரிக்காவில் ஃபில் ஹெல்முத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1989-இல் 24 வயதில் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட் ஜெயித்தவர், அந்தத் தொடரில் ஜெயிப்பவருக்குத் தரும் பிரேஸ்லெட் 17 வைத்திருப்பவர், தாமதமாக வருவதற்கே பேர் போனவர். “ஹெல்முத்தே லேட்டாத்தானே வர்றாரு” என்று கவுன்டரில் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த மெயின் ஈவென்ட்டின் அமைப்பைப் பாருங்கள். 10,000 டாலருக்கு 60,000 சிப், ஒவ்வொரு லெவலும் இரண்டு மணி நேரம். இரண்டாம் நாள் தொடங்கும்போது உள்ளே வந்தாலும் கையில் ஐம்பது பிளைண்டுக்குக் குறையாது. அங்கே தாமதமாக வருவது வேறு, அரை மணி லெவலில் 15 பிளைண்டோடு வருவது வேறு. இரண்டையும் லேட் ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஒரே பெயரில் சொல்வதால் குழப்பம். தாமதமா இல்லையா என்று கேட்பதைவிட, உட்காரும் நேரத்தில் எத்தனை பிளைண்ட் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

அந்தப் பதினைந்தை எப்படி ஆடுகிறார்கள் என்பதை மேஜையில் வைத்தே சொல்கிறேன். கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கும் ஒரு சார் அவ்வப்போது வருவார், பெரும்பாலும் கடைசி லெவலில்தான். ஒருநாள் நான் டீல் செய்துகொண்டிருந்த மேஜைக்கு வந்தார். சீட்டு குலுக்கலில் விழுந்தது நேராக பிக் பிளைண்ட் நாற்காலி. பட்டனுக்கும் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) ஸ்மால் பிளைண்டுக்கும் நடுவே விழுந்தால்தான் ஒரு கை காத்திருக்க வேண்டும். மற்ற எங்கே விழுந்தாலும் உடனே கார்டு வரும். உட்கார்ந்ததும் பிளைண்ட் 2,000, மேஜைக்கே சேர்த்து அவர் போட வேண்டிய இன்னொரு கட்டாயத் தொகையான ஆன்டி 2,000. கார்டைப் பார்க்கும் முன்பே 4,000 போய்விட்டது. எதிரே ஒருவர் தொகையை ஏற்றி ரெய்ஸ் செய்ய, இவர் கார்டைப் பார்த்து மடித்தார். அடுத்த கையில் ஸ்மால் பிளைண்ட் 1,000, அதுவும் போனது. மூன்றாவது கையில் அவர் பட்டன். கையில் 25,000. எல்லோரும் மடித்து ஆட்டம் அவரிடம் வந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, மொத்த சிப்பையும் தள்ளி “ஆல்-இன்” என்றார். இரண்டு பிளைண்டும் மடித்தார்கள். நடுவில் கிடந்த 5,000 அவருக்கு வந்தது, மறுபடி 30,000. ஏஸ்-ஐந்து, இரண்டும் ஸ்பேட். காட்டிவிட்டு என் பக்கம் தள்ளினார். இரண்டு கையில் போனதெல்லாம் ஒரே தள்ளலில் திரும்பிவிட்டது. அவர் முகத்தில் பெருமையும் இல்லை, படபடப்பும் இல்லை. அந்த ஸ்டாக்கை எங்கே, எந்தக் கார்டோடு, எத்தனை பேர் மிச்சமிருக்கும்போது தள்ள வேண்டும் என்பதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார்.

அதே ஸ்டாக்கோடு வேறு ஒரு தம்பி. ஜோடி ஐந்து வந்தது. “ஃப்ளாப் பார்ப்போம்” என்று ஏற்றாமல் 2,000 மட்டும் போட்டு லிம்ப் செய்தார். பின்னால் ஒருவர் 6,000-க்கு ஏற்றினார். இன்னும் 4,000 போட்டு கால் செய்தார். ஃப்ளாப்பில் கிங், ஜாக், எட்டு. எதிராளி பெட் செய்ததும் மடித்துவிட்டார். ஒரே கையில் ஸ்டாக்கில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று, எதிராளிக்குச் சின்னக் கஷ்டம்கூடக் கொடுக்காமல். அப்புறம் பயம் வந்துவிடும். நல்ல கார்டுக்காகக் காத்திருப்பார்கள். ஒரு சுற்றுக்கு 5,000 பிளைண்டுக்கும் ஆன்டிக்கும் போகிறது; அடுத்த லெவலில் 6,000 ஆகிறது. ஒரு மணி நேரம் எதுவும் ஆடாமல் உட்கார்ந்தால் 30,000-இல் பாதிக்கு மேல் காலி. கடைசியில் ஆறு பிளைண்டோடு தள்ளும்போது யாரும் மடிக்க மாட்டார்கள். எதிராளியை மடிக்க வைக்கும் பலம் இருக்கும்வரைதான் ஷார்ட் ஸ்டாக்குக்கு உயிர்.

1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு சிப் மிச்சமிருந்த நிலையிலிருந்து எழுந்து வேர்ல்ட் சீரிஸ் மெயின் ஈவென்ட்டை ஜெயித்த கதையை இந்தத் தம்பிகள் அடிக்கடி சொல்வார்கள். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அது நட்டநடுவில் விழுந்த ஒருவர் எழுந்த கதை. காசு கொடுத்து அந்த நிலையை வாங்குவதற்கு அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நம் ஊர் ஆட்டக்காரர்கள் வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதால் இது விட்டுப்போகிறது. சீட்டு விளையாட்டில் வந்த பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம், அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரி தனி. தோற்ற என்ட்ரிகளை அதில் கழித்துக்கொள்ள முடியாது. ஷார்ட் ஸ்டாக்கோடு நுழைபவர் பரிசு வாங்கினால் பெரும்பாலும் கீழ் இடங்களில்தான் வாங்குவார். ஆகக் குறைந்த பரிசு 45,000 என்றால் வரிக்கே 13,500 போய் 31,500 மிஞ்சும். ஒரே என்ட்ரி போட்டவருக்கு, பை-இன்னுக்கு மேல் நடத்துபவர்கள் வாங்கும் கட்டணம் போகச் சொற்பம்தான் லாபம். முன்பே ஒரு என்ட்ரி தோற்றுவிட்டு இரண்டாவதாக வந்தவருக்குப் பரிசு வாங்கியும் நஷ்டம். ஐ.சி.எம். தரும் அந்தக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெல்லாம் இதில் கரைந்துபோகும். எனவே ‘பணம் வாங்கினால் போதும்’ என்ற எண்ணத்தோடு தாமதமாக வருவது இங்கே அர்த்தமில்லாதது. ஃபைனல் டேபிளை நோக்கித் தள்ளுபவராக இருந்தால் மட்டும் வரலாம்.

2025 ஆகஸ்ட்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கு மத்தியச் சட்டம் தடை கொண்டுவந்த பிறகு, ஆன்லைனில் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் எங்கள் மேஜைகளுக்கு வருகிறார்கள். ஒரே நேரத்தில் ஆறு, எட்டு டேபிள் திறந்து வைத்து ஆடியவர்கள். அங்கே ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு லாபம் என்பதுதான் கணக்கு. அதற்குத் தாமதமாகச் சேருவது பொருந்தும். எந்தக் கார்டைத் தள்ளுவது, எதை மடிப்பது என்று சொல்லும் புஷ்-ஃபோல்டு அட்டவணை அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கே ஒரு நாளைக்கு ஒரு டோர்னமென்ட்தான். அதற்காக விமானக் கட்டணமும் அறை வாடகையும் கொடுத்து வந்திருக்கிறார்கள். அவ்வளவு செலவழித்தவர்கள் எதிரிலிருப்பவர் முகத்தையும் கையையும் பார்த்து ஆடக் கிடைக்கும் நாலு மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது எனக்கு மனசு கேட்பதில்லை. ஆட்டம் பழகும் நிலையில் இருப்பவர் முதல் லெவலுக்கே வர வேண்டும். அவருக்கு அந்த நேரம்தான் பெரிய சொத்து.

இன்னொரு வகையினர் மேல்தான் எனக்கு உண்மையான கவலை. கீழ்த்தளத்தில் ரூலெட்டிலோ கேஷ் கேமிலோ விட்டுவிட்டு, அதை ஒரே அடியில் எடுத்துவிடலாம் என்று கடைசி நிமிடத்தில் கவுன்டருக்கு வருபவர்கள். கண்ணைப் பார்த்தாலே தெரியும். பிளைண்ட் எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அவர்களிடம் மட்டும் நான் வழக்கத்தை மீறி ஒரு வார்த்தை சொல்வேன்: “சார், நாளைக்கு மதியம் இன்னொண்ணு இருக்கு. தூங்கி எழுந்து முதல் லெவலுக்கே வாங்க.” சிலர் கோபப்படுவார்கள். சிலர் பையைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போவார்கள்.

பதிவை எப்போது மூடுவது என்பது ஆட்டக்காரர் கையில் இல்லை, எங்கள் கையில் இருக்கிறது. அட்டவணை போடும் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: 1,000/2,000-இல் மூடாமல் 600/1,200-இலேயே மூடுங்கள். அப்போது 30,000 சிப்புக்கு 25 பிளைண்ட் கிடைக்கும். 25 இருந்தால் ரெய்ஸ் செய்துவிட்டு மடிக்கவும் முடியும், அடுத்தவர் ரெய்ஸ் மேல் ஆல்-இன் தள்ளவும் முடியும். நாலைந்து சுற்று தாக்குப்பிடிக்கலாம். என்ட்ரி குறையும், கேரண்டி எட்டாமல் போகலாம் என்று மார்க்கெட்டிங் பக்கம் மறுப்பார்கள். அவர்கள் பயமும் பொய்யில்லை. ஒவ்வொரு கடைசி நிமிட என்ட்ரியிலும் கட்டணம் முழுசாக வருகிறது. இப்போதைக்கு வார நாள் டோர்னமென்ட்டில் மட்டும் ஒரு லெவல் முன்னதாக மூடச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். வார இறுதிக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.