உள்ளே வருவதற்கு முன் சொல்லும் சிஸ்டர்

மூன்று நாளாகத் தம்பி தூங்கவில்லை. சாப்பாட்டில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்று தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஜீப்பில் ஏற்றி, பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனோம்.

அவன் சம்மதிக்கவில்லை. அவனைப் போன்ற நிலையில் இருப்பவர்களை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் சேர்க்க முடியும். அவனுக்கான பிரதிநிதியாக நான் விண்ணப்பம் தந்தேன், இரண்டு பேர் தனித்தனியாக அவனைப் பரிசோதித்தார்கள். முதலில் அதிகபட்சம் 30 நாள். கையெழுத்துப் போடும்போது அவனை ஏமாற்றுவது போலத்தான் இருந்தது.

பையைச் சோதித்த சிஸ்டர் பெல்ட்டையும் சார்ஜர் வயரையும் அவன் எதிரிலேயே எடுத்து, எழுதி, படித்துக் காட்டினார். "தம்பி, போகும்போது எல்லாம் திரும்பத் தருவேன்" என்றார், மலையாளம் கலந்த தமிழில். மாத்திரையை அட்டையிலிருந்து அவன் கண்ணெதிரே பிரித்தார். விஷம் என்று அவன் சொன்னபோது, இல்லை என்று வாதாடவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. "உனக்குப் பயமாக இருக்கிறது, தெரிகிறது. நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் விழுங்கினான். அதுவரை அவர் அவசரப்படுத்தவே இல்லை.

இரண்டாம் நாள் இரவு நாற்காலியைத் தூக்கிவிட்டான். பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, இருந்த எனக்குக் கைகால் ஓடவில்லை, கட்டிப்போடுவார்களோ என்று. மற்ற நோயாளிகளை வெளியே அனுப்பினார்கள். நாலு பேர் சூழ்ந்து கத்தவில்லை. அந்த சிஸ்டர் மட்டும், கைக்கெட்டாத தூரத்தில், கதவை மறைக்காமல் பக்கவாட்டில் நின்று மெதுவாகப் பேசினார். கொஞ்ச நேரத்தில் நாற்காலி கீழே வந்தது. கட்டுவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான், டாக்டர் அனுமதியோடுதான், தண்டனையாக ஒருபோதும் கூடாது என்று அப்புறம் எனக்கு விளக்கினார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சேர்க்கும் அன்றே யாராவது இதைச் சொல்லியிருந்தால் இரண்டு ராத்திரி நானும் தூங்கியிருப்பேன்.

இரவு ரவுண்டில் டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையில் காட்டுவார். வாசலில் நின்று, "தம்பி, சிஸ்டர்தான், உள்ளே வரட்டுமா?" என்று கேட்பார். ஐந்தாம் நாள் பதில் வரவில்லை. பதறி எட்டிப் பார்த்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.